எடை மேடையில் ஏற்றிப் பார்த்த வண்டி

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பொலிரோ கேம்பர் எங்களிடம் வருவதற்கு முன்பு பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய இரவில் அதன் சொந்தக்காரருடைய தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. ஏற்றுவதற்குக் காய் இல்லை. அடுத்த வருஷம் வண்டியை விற்றுவிட முடிவு செய்தார், நான் வாங்கினேன். சாவியைக் கையில் கொடுத்தவர் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரை மட்டும் எடுக்கவில்லை. "அவரு வண்டியோடயே இருக்கட்டும் தம்பி" என்றார். இன்னும் இருக்கிறார்.

இரட்டை கேபின், பின்னால் திறந்த பாடி, இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் கியர். விவசாயக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்று அப்பா வாங்கச் சொன்னார். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. மன்னார்குடியிலிருந்து கிளம்பி குஜராத்தின் கட்ச் வரை, அந்த வெள்ளை உப்புப் பாலைவனம் வரை, லாட்ஜ் தேடாமல் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்துப் போய் வர வேண்டும்.

முதல் நான்கு மாதம் நான் செய்ததெல்லாம் சாமான் சேர்த்ததுதான். இரும்புச் சதுரக் குழாயில் கூண்டு அடித்தேன். அதன் மேல் பிளைவுட் படுக்கை, கீழே இரண்டு இழுப்பறை, 80 லிட்டர் தண்ணீர் டேங்க், 12 வோல்ட்டில் ஓடும் ஃப்ரிட்ஜ், அதற்கென்று தனி பேட்டரி, 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, கேஸ் அடுப்பு, ஒரு ஸ்டெப்னிக்கு இரண்டு ஸ்டெப்னி. இவ்வளவு ஏற்றிய பிறகும் வண்டியின் பின்பக்கம் குழியில் விழுந்தால் கல் மாதிரி இடித்தது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கூத்தாநல்லூர் ரோட்டில் ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் ஷாக் அப்சார்பரைத் தொடவே இல்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "இதுல ஒரு பட்டை கம்பெனிப் பட்டை இல்ல தம்பி. தேங்காய்க்காகச் சேத்துப் போட்டிருக்காங்க, ரெண்டு பக்கமும். நீங்க எவ்வளவு பாரம் ஏத்துறீங்க?"

எனக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக 300 கிலோ இருக்கும் என்றேன்.

"குத்துமதிப்பா பட்டையில கை வைக்கக் கூடாது. ஏதாவது ரைஸ் மில்லுல எடை போட்டுச் சீட்டு வாங்கிட்டு வாங்க."

அது மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் லாரிகள் வரிசை கட்டி நின்ற நேரம். ஒரு மில்லில் கேட்டு, லாரிகளுக்கு நடுவே எடை மேடையில் என் வண்டியை ஏற்றினேன். எல்லாச் சாமானும் டேங்க் நிறையத் தண்ணீரும் நானும் பயணத்துக்குக் கூட வரும் சித்தப்பா மகனும் இருக்க ஒரு எடை. முன் சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு, பின் அச்சுக்கு மட்டும் ஒரு எடை. பிறகு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பப் போய் ஒரு எடை. கழித்துப் பார்த்தபோது ஏற்றியிருந்தது 640 கிலோ. அதில் பெரும்பங்கு பின் அச்சின் மேல்.

ஒரு டன் இழுக்கும் வண்டிக்கு 640 கிலோ பெரிதில்லை என்று தோன்றும். தேங்காயை ஏற்றி நாற்பது கிலோமீட்டர் ஓட்டி இறக்கிவிடுகிற கணக்கு அது. பயணத்தில் இருபது நாளும் அந்தப் பாரம் இறங்காது. ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும். பிரேக் அதைச் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். நம் ஊர்க் களிமண் கரையில் மழைக்குப் பிறகு இறங்கினால், முதலில் புதைவதும் அந்தப் பாரம்தான். வண்டலில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தொளியில் டிராக்டர் இறங்குவதற்குக் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டுகிறோமே தவிர, டிராக்டர் மேல் மூட்டை ஏற்றுவதில்லை.

அன்றைக்கு நோட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் எடை எழுதினேன். கூண்டு மட்டும் 110 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேச்சே இல்லை. டீசல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் மேலே, இரண்டு கேனும் சேர்ந்து 35 கிலோ. ரிம்மோடு ஒரு டயர் 28 கிலோ. எழுதி முடித்த பிறகு எதை எடுப்பது என்று யோசிக்க அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. டேங்க் நிரப்பினால் 500 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிற வண்டிக்கு, நான் போகும் வழியில் டீசல் கேன் தேவையே இல்லை. தண்ணீர் 40 லிட்டர் போதும், வழியெல்லாம் ஊர்கள் இருக்கின்றன. இரண்டாவது ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும். கூண்டைப் பிரித்து, பாதிக் குழாயை எடுத்துவிட்டு, நான்கே போல்ட்டில் பாடியோடு உட்காரும் சட்டமாக மாற்றினேன். மறுபடி எடை போட்டபோது பாரம் நன்றாகக் குறைந்திருந்தது.

சீட்டைப் பார்த்துவிட்டு பாய் வேலையை ஆரம்பித்தார். பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்டை அறுத்து, சென்டர் போல்ட்டைத் தட்டி எடுத்ததும் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. இடுக்கில் ஆற்று மணலும் துருவும் பாளம் பாளமாகப் படிந்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது கீழே ஒரு கை அளவுக்குச் செம்பொடி கொட்டியது. சேர்த்துப் போட்டிருந்த பட்டையை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார். வளைவு விழுந்திருந்த மற்றவற்றைச் செட் பண்ணி, நடுவில் கிரீஸ் தடவி அடுக்கி, புஷ்ஷெல்லாம் புதிதாக மாற்றினார். யு-போல்ட்டும் புதிது. பழைய யு-போல்ட்டைத் திருப்பிப் போடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை முழு இறுக்கம் வாங்கியது நீண்டிருக்கும், இரண்டாவது முறை பிடிக்காது. "500 கிலோமீட்டர் ஓடிட்டு வாங்க, மறுபடியும் இறுக்கணும்" என்றார். போனேன். நான்கில் மூன்று நட்டு கால் சுற்று சுற்றியது.

வண்டியைப் பயணத்துக்குத் தயார் செய்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தப் பட்டறையில்தான். அதற்குப் பிறகு நான் புதிதாக வாங்கி மாட்டியது மிகக் குறைவு. கீழே படுத்துப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அரசு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அது நியாயமானதும்கூட, எதிரே நடந்து வருபவரின் காலுக்கு அந்த இரும்பு எமன். என் வண்டி மஞ்சள் போர்டு, எட்டு வருஷம் தாண்டியதால் ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதனால் வெல்டிங் கிடையாது. கழற்றி இறக்கிவிட முடிந்தது மட்டும்தான் என் வண்டியில் இருக்கும்.

மாட்டியவற்றில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், சில மீட்டர் ரப்பர் குழாய் என்பேன். முன் அச்சு, பின் அச்சு, கியர் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் மூச்சுவிட ஒரு சின்னத் துளை உண்டு, பிரீதர் என்பார்கள். நெடுநேரம் ஓடி அச்சு சூடாகியிருக்கும். அதே சூட்டோடு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு கார்த்திகையில் தலைஞாயிறு பக்கம் ரோட்டின் மேல் ஓடிய தண்ணீரைக் கடந்து வந்தேன். வண்டி எந்தக் குறையும் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, எங்களுக்கு டிராக்டர் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் பின் அச்சின் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தியதும் கியர் ஆயில் மோர் நிறத்தில் வந்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அவர்தான் டீசல் ஹோஸ் வாங்கி வரச் சொல்லி, அந்தத் துளையில் மாட்டி, மறுமுனையைப் பேனட்டுக்குள் மேலே கொண்டுபோய்க் கட்டினார். சாமான் செலவு 300 ரூபாய்கூட ஆகவில்லை.

ஸ்நோர்க்கல் நான் போடவில்லை. காற்று உறிஞ்சும் வாய் உயரமாக இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது இருக்கும் தைரியத்தில் ஆழத்தில் இறங்கினால் மற்ற சீலெல்லாம் என்ன ஆவது? தண்ணீர் ஓடும் இடத்தில் முதலில் கம்பு ஊன்றி நானே நடந்து பார்ப்பேன். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேலே தண்ணீர் இருந்தாலோ, என் காலை இழுத்தாலோ திரும்பிவிடுவேன். வெண்ணாறும் கோரையாறும் பார்த்து வளர்ந்த யாரும் கரை உடைத்து ஓடும் தண்ணீரோடு பந்தயம் வைக்க மாட்டார்கள்.

டீசலில் தண்ணீர் வந்தது வேறு ஒரு மழைக்காலத்தில். கோடியக்கரையிலிருந்து திரும்பும்போது, இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு, வழியில் ஒரு பங்கில் டேங்க் நிரப்பினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருப்பேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முக்கியது. மீட்டரில் டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்தது. வாய்மேடு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் முதலில் சொன்னது: "தம்பி, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. சாவிய எடுத்துப் பையில போடுங்க."

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேரும் கிண்ணம், அதற்குக் கீழே ஒரு சின்னத் திருகு. காலி தண்ணீர் பாட்டிலை அடியில் பிடித்துக்கொண்டு திருகைத் திறந்து, மேலே உள்ள கைப்பம்பை அழுத்தினேன். பாட்டில் பாதி நிறைந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கலங்கிக் கிடந்தது. பிறகு மெதுவாகப் பிரிந்தது. மேலே வைக்கோல் நிறத்தில் டீசல். அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், அதில் துருத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. நான்கு பாட்டில் பிடித்தும் அந்தக் கோடு மறையவில்லை. தண்ணீர் டேங்க்கிலேயே இருக்கிறது என்பது உறுதியானது. டிராக்டர் வைத்துக் கட்டி இழுத்து, பட்டறையில் டேங்க்கை முழுதாக வடித்தோம்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், பழைய டிராக்டர் எஞ்சின் மாதிரி இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளாது. காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. நம் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் சில பார்தான். அந்தப் பம்புக்கும் இன்ஜெக்டர் ஊசிக்கும் வழவழப்புக் கொடுப்பது டீசல்தான், தனியாக ஆயில் கிடையாது. டீசல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் போனால் உலோகமும் உலோகமும் உரசும். சரியான நேரத்தில் நிறுத்தியதால் என் இன்ஜெக்டர்கள் தப்பின.

அதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. புது இடத்தில் நிரப்பும்போது ஒரு கண்ணாடி பாட்டிலில் முதலில் கொஞ்சம் வாங்கி, ஐந்து பத்து நிமிஷம் வைத்துப் பார்ப்பேன். இதற்கு எந்தப் பங்கிலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லும் உரிமையே நமக்கு இருக்கிறது. டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே நிறுத்த மாட்டேன், நிலத்தடி டேங்க்கின் அடி வண்டல் அப்போதுதான் கலங்கி எழும். ராத்திரி தங்கும்போது டேங்க் காலியாக இருக்க விடுவதில்லை, காலி இடத்தில் ஈரக் காற்று குளிர்ந்து துளித் துளியாக இறங்கும். 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிண்ணத்தைத் திறந்து பார்ப்பேன். சீட்டுக்கு அடியில் எப்போதும் இரண்டு புது ஃபில்டர் உண்டு.

அப்புறம் உப்பு. வேதாரண்யம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்த மண் அது. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைக் காலையில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தக் காற்றிலும் ரோட்டோர ஈரத்திலும் இருக்கும் உப்பு வண்டியின் அடிவயிற்றில் போய் உட்காருகிறது. மேலே பெயின்ட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது.

சேஸிஸ் என்பது உள்ளே குழிவான இரும்புப் பெட்டி. அதன் அடியில் அங்கங்கே தண்ணீர் வடிவதற்குத் துளைகள் இருக்கும். ஒரு நாள் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அந்தத் துளைகளில் குத்திப் பார்த்தேன். முதல் துளையில் ஈர்க்கு உள்ளே போகவே இல்லை. திருகித் திருகிக் குத்தியதும் அடைத்திருந்த களிமண் ஒரு கட்டியாகப் பெயர்ந்து என் தோளில் விழுந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாகத் தண்ணீர் சொட்டியது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. நாங்கள் கோடியக்கரைக்குப் போய் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக அந்த உப்புத் தண்ணீர் இரும்புப் பெட்டிக்குள் நின்றிருக்கிறது.

இப்போது கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றைக்கே, நல்ல தண்ணீரில், சேஸிஸின் உட்புறம் குழாய் விட்டு, வடிகிற தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே துரு தடுக்கும் மெழுகு ஸ்பிரே. வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் புஷ்ஷும் ஹோஸும் எண்ணெய் குடித்து ஊதிவிடும், அதன் மேல் புழுதியும் ஒட்டும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் வயர் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து வாஸ்லின் தடவுங்கள். காரணம் தெரியாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாத காலைகளில் பலமுறை அதுதான் காரணமாக இருக்கும்.

கோடியக்கரைக்குப் போகிறவர்களிடம் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அது 1967 முதல் சரணாலயம். நான்கு சக்கர இழுவை இருக்கிறது என்று தடத்தை விட்டு இறங்காதீர்கள். வெளிமான் மேயும் புல்வெளியில் விழுந்த சக்கரத் தடம் அடுத்த மழைக்காலம் வரை ஆறாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் வைக்கோல் சுணை ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டர் இடுக்குகளையும் அடைக்கும். தை, மாசியில் வாரம் ஒருமுறை திறந்து தட்டுகிறேன், ரேடியேட்டரை எஞ்சின் பக்கமிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன். கடலோர போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது, டீ போட்டால் திரிகிற தண்ணீர் எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்று யோசித்தால் போதும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது நான்கு ஆம்பியர் இழுக்கிறது. நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும், அதாவது நாளுக்குச் சுமார் 48 ஆம்பியர்-மணி. சாதாரண 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், ஒரு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நின்றால் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவேன். தயிர் சாதத்துக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

கட்ச் போய் வந்தோம், நானும் என் சித்தப்பா மகனும். தை மாதம் கிளம்பி 19 நாள், 4,900 கிலோமீட்டர். ஒரு பஞ்சர் தவிர வண்டி எங்கும் நிற்கவில்லை. காவ்டாவிலிருந்து தோலாவிராவுக்குப் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் கண் எட்டும் தூரம் வரை உப்பு. தம்பி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்து யு-போல்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கணீரென்று இருந்தது. புஜ் வந்ததும் முதல் வேலையாக வாட்டர் சர்வீஸ் தேடிச் சேஸிஸைக் கழுவினோம். கொண்டு போயிருந்த ஈர்க்கு அங்கே உதவியது.

இப்போது வைகாசி முடியப் போகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கிவிட்டது, அப்பா குறுவைக்கு விதை நெல் சொல்லிவைத்துவிட்டார். நேற்று சாயங்காலம் நானும் தம்பியும் படுக்கைச் சட்டத்தைக் கழற்றிக் கொட்டகையில் சாத்தினோம், இருபது நிமிஷ வேலை. நாளைக்கு விதை மூட்டையும் டி.ஏ.பி. உரமும் ஏற்ற வேண்டும். நான்கு போல்ட்டையும் துடைத்து, கிரீஸ் தடவி, ஒரு டப்பாவில் போட்டு, டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.